மீன் குளிரறையில் பிழைத்த அயர்லாந்து

என் அருமைப் பவானி அக்கா,

நேற்று உன் காகிதங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். "என்ரை இல்லையடா, டெஸ்மண்டின்ரை" என்று நீ உடனே திருத்துவாய் என்று தெரியும். திருத்து. எனக்கு அவை உன் காகிதங்கள்தான்.

நூலகத்தில் கதிரை போதாமல் சனம் சுவரோடு சாய்ந்து நின்றது. என் மனைவி சுகந்தி உன்னுடைய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அரைவாசி வெள்ளைக்காரர், மிச்சம் எங்கள் ஆட்கள். ஒரு அயர்லாந்துப் பண்ணைக் குடும்பத்தின் பழைய தாள்களைப் பார்க்க, சிட்னியின் செவன் ஹில்ஸிலிருந்தும் ஹோம்புஷிலிருந்தும் தமிழர் இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் முதலில் விளங்கியிராது. எனக்கு விளங்கியது. எல்லாரும் உனக்காக வந்தவர்கள்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். சிட்னிக்கு வெளியே ஹாக்ஸ்பெரி ஆற்றங்கரையில் தனியாக இருக்கிறவர். அவருடைய முன்னோர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பல தலைமுறையாகப் பெரிய காணிக்காரர்கள். ஊர் ஊராக அவர்களுடைய நிலம். அதில் குத்தகைக்கு இருந்து உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். பிறகு காலம் மாறியது. நிலம் கைவிட்டுப் போய், பெரிய மாளிகையும் எரிந்தபின், டெஸ்மண்டின் தாத்தா எஞ்சிய காகிதங்களைப் பெட்டகங்களில் அடைத்துக் கப்பலில் சிட்னிக்குக் கொண்டுவந்தார். காணி உறுதிப் பத்திரங்கள், நில வரைபடங்கள், காரியஸ்தர் எழுதிய கடிதங்கள், குத்தகைக்காரர் கொடுத்த விண்ணப்பங்கள். அவையெல்லாம் டெஸ்மண்டின் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பழைய சேணங்களுக்குக் கீழே கிடந்தன.

நீ நூலகத்தில் காகிதங்களைச் செப்பனிடுகிறவள். ஒருநாள் டெஸ்மண்ட் கிழிந்த வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து உன்னிடம் ஆலோசனை கேட்டார். அன்று தொடங்கி, எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுங்கள் என்று நீ அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். அவரும் பார்ப்போம், பார்ப்போம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு அவ்வளவு காலம் பொறுக்கவில்லை.

வெள்ளம் வடிந்த அன்று காலை நான் செவன் ஹில்ஸில் என் மீன் குளிரறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன் எடுத்தாய்.

"தம்பி, உன்ரை ஃப்ரீசரிலை இடம் இருக்கோ?"

"என்னத்துக்கு?"

"கடதாசிக்கு."

"கடதாசிக்கோ? பாரை மீன் வந்து இறங்கியிருக்கு அக்கா. நாளைக்குக் கணவாய் வருது."

"நனைஞ்ச கடதாசி. இந்த வெக்கைக்கு ரெண்டு மூண்டு நாளிலை பூஞ்சணம் பிடிச்சிடும். உறைய வைச்சால் அப்பிடியே நிக்கும், பிறகு ஆறுதலாக் காய வைக்கலாம். எங்கடை நூலகத்திலை எல்லாம் நிரம்பிட்டுது. வெள்ளத்திலை நனைஞ்ச ஆக்கள் எல்லாரும் கொண்டுவந்து குடுத்திட்டினம்."

"மீன் மணம் பிடிக்குமே!"

"மணம் பிடிச்சால் பிடிக்கட்டும். பூஞ்சணம் பிடிக்கக்கூடாது. லொறியைக் கொண்டு வா."

நீ கேட்டு நான் மாட்டேன் என்றது எப்போது? என்னோடு வேலை செய்கிற ரூபனையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். ரூபன் அகதியாகப் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் வருசக் கணக்கில் இருந்து வெளியே வந்தவன். இன்னும் தற்காலிக விசாவில்தான் இருக்கிறான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை முழுக்கச் சேறு. டெஸ்மண்ட் முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஊறிப்போன ஒரு கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். நீ வாசலிலிருந்தே கத்தினாய்.

"டெஸ்மண்ட், கையை எடுங்கள்!"

நீங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில்தான் எழுதப் போகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. மாட்டையும் குதிரையையும் அடக்கிய அந்த ஆறடி மனிதர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். நீயோ அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டாய்.

கட்டுகளை உரிக்காமல், மெழுகுத்தாளில் சுற்றி, கழுவிய மீன் பெட்டிகளில் அடுக்கச் சொன்னாய். ரூபன் பெட்டிகளைத் தோளில் சுமந்து காவிக் காவிக் களைத்துப்போய் நின்று கேட்டான்.

"அக்கா, இது ஆரின்ரை கடதாசி?"

"ஒரு பெரிய காணிக்காரக் குடும்பத்தின்ரை."

"அப்ப நாங்கள் ஏன் காவுறம்?"

நீ சிரிக்கவில்லை. "அதுக்குள்ளை காணி இல்லாத ஆக்களும் இருக்கினம் தம்பி. அவையின்ரை பேர் வேறை ஒரு இடத்திலையும் இல்லை" என்றாய். ரூபன் அடுத்த பெட்டியைத் தூக்கினான். அதன்பிறகு அவன் அவற்றை மீன் பெட்டியைப்போல இறக்கவேயில்லை.

அப்படித்தான் அயர்லாந்து எங்கள் பாரைக்கும் இறாலுக்கும் நடுவில் வந்து குந்தியது. சாமான் எடுக்க வந்த ஒரு கடைக்காரர், "அண்ணை, அந்தப் பெட்டியளிலை என்ன?" என்று கேட்டார். "அயர்லாந்து" என்றேன். "அயர்லாந்து மீனோ? எங்கடை சனம் வாங்குமோ?" என்றார். கணவாய்க்கு இடமில்லாமல் வந்த விலைக்கு ஹோம்புஷ் உணவகங்களுக்குத் தள்ளிவிட்டேன். அந்த நட்டத்துக்காகச் சுகந்தி ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தோலில் எழுதின உறுதிகளை ஃப்ரீசருக்குள் விடமாட்டேன் என்று உன் வீட்டுக்குக் கொண்டுபோனாய். உன் ஹோம்புஷ் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசை, குசினி, கட்டில் எல்லாம் உறுதிகள். மெல்ல மெல்லக் காயவைத்து, சுருங்காமல் பாரம் வைத்து, மாறி மாறி ஒற்றுத்தாள் மாற்றினாய். வேலையால் வந்து அந்த வேலை. நான் சோறு கொண்டுவந்தால் கதவடியில் நின்றபடியே சாப்பிடுவாய். "இருந்து சாப்பிடு" என்றால், "எங்கை இருக்கிறது?" என்று கேட்பாய்.

பிறகு உறைந்த கட்டுகளை நூலகத்து உலர்த்தும் இயந்திரத்தில் பகுதி பகுதியாகக் காயவைத்தார்கள். மாதக் கணக்காகியது. கடைசிப் பெட்டிகளை நானும் ரூபனும் கொண்டுவந்து இறக்கிய நாளில்தான் அந்தப் பிரச்சினை வந்தது.

டெஸ்மண்ட் கிழமைதோறும் வந்து காய்ந்த தாள்களை வாசிப்பவர். அன்று அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. குத்தகை கட்ட முடியாமல்போன குடும்பங்களின் விண்ணப்பங்களை அவர் வாசித்திருந்தார். பஞ்ச காலம். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டு எழுதியவை. எழுதத் தெரியாதவர்கள் கீழே கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு கீறு குறுக்காக இழுத்துப் புள்ளடி போட்டிருந்தார்கள். அவற்றின் ஓரத்திலேயே, தன் கைப்பட, அவருடைய முப்பாட்டன் பதில் எழுதியிருந்தார். வெளியேற்றச் சொல்லியும், திரும்பி வராதபடி கூரைகளைப் பிரித்துவிடச் சொல்லியும்.

"மற்றதெல்லாம் உங்களுக்குத்தான் பவானி. இந்த ஒரு பெட்டியை மட்டும் நான் கொடுக்கமாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"இது என் குடும்பத்தின் அசிங்கம். ஊர் பார்க்கத் தேவையில்லை."

நீ என்னிடம்கூட ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னாய்.

"எங்கள் வீடும் இடிக்கப்பட்ட வீடுதான். யுத்தத்தில் இராணுவம் எங்கள் ஊரைப் பிடித்தபின் உள்ளே போக விடவில்லை. பல வருசம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கிணறுகூட இல்லை. காணி உறுதியும் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. அங்கே ஒரு வீடு இருந்தது, நாங்கள் இருந்தோம் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. டெஸ்மண்ட், இந்தப் பெட்டியில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு துண்டு இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்கிறது."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ தடுக்கவில்லை.

ரூபனுக்குக் கோபம். "ஏனக்கா விட்டனீங்கள்? நாங்கள் காவின பெட்டி!"

"பறிச்சு வைச்சால் அது எப்பவும் அவரின்ரை கடதாசிதான். அவர் தந்தால்தான் எல்லாரின்ரையும் ஆகும்" என்றாய்.

அக்கா, ஊரிலுள்ள எங்கள் காணிக்கு நீ தனியாகப் போய்வந்தது எனக்குத் தெரியாது. கொழும்பில் கல்யாணம் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனாய்? கிணறு இல்லை என்பதை எத்தனை வருசம் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாய்? நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாயா?

அந்தக் குளிர்காலத்தில் உனக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். வைத்தியர் சொல்லி முடித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, லாப்டொப்பை வார்ட்டுக்குக் கொண்டுவரலாமா என்பது. அந்தச் சின்ன வயது வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல?

டெஸ்மண்ட் வந்தது ஒரு பின்னேரம். சூட் போட்டு, கழுத்தில் ரை கட்டி, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை ஏந்திக்கொண்டு வார்ட்டுக்குள் வந்தார். பூச்செண்டு கொண்டுவருகிற இடத்துக்கு மனிதர் பெட்டியோடு வருகிறாரே என்று தாதிமார் பார்த்தார்கள். அதை உன் கட்டிலில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"எல்லாவற்றையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தேன்" என்றார். "என் குடும்பத்தை நினைத்து எனக்குப் பெருமை இருந்தது பவானி. அது போய்விடுமோ என்று பயந்தேன்."

நீ தலையணையில் நிமிர்ந்து இருந்தாய். "ஏன் போகவேண்டும்? உங்கள் குடும்பத்தில் ஒருவர் இந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பெருமைப்படுங்கள்."

அந்தப் பெரிய மனிதர் கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். மூடியைத் திறக்கப் போனவரிடம், "முதலில் கையைக் கழுவுங்கள்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியாதது. இப்படிப்பட்ட சேகரங்களைக் காணிக்காரக் குடும்பத்தின் பெயரில் போட்டு, உறுதி, கடிதம், வரைபடம் என்று வகைப்படுத்திவிட்டால் போதும், வழமை அதுதான். நீ அது போதாது என்றாய். குத்தகைக்காரர் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரில் தேடக்கூடியதாக இருக்கவேண்டும் என்றாய். உன் மேலதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து, "பவானி, இதற்கு நேரம் இல்லை" என்று கெஞ்சினார். அவர் காகிதத்தின் நேரத்தைச் சொல்லவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். "அப்ப இண்டைக்கே தொடங்குவம்" என்று தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னாய்.

பெண்களுடைய பெயர்கள்தான் உன்னை ஆட்டிவைத்தன. இன்னாருடைய விதவை, இன்னாருடைய மகள் என்றுதான் காரியஸ்தர் எழுதி வைத்திருந்தார். ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டு, விண்ணப்பத்தின் கீழிருந்த புள்ளடிக்குப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர் குறித்திருந்ததைத் தேடி, அவர்களின் சொந்தப் பெயரைக் கண்டுபிடிப்பாய். ஒருத்தி கிடைத்துவிட்டால் போதும், எனக்குப் போன் வரும்.

"தம்பி, அவவின்ரை பேர் ஒனோரா!"

"ஆர் அக்கா ஒனோரா?"

"இவ்வளவு நாளும் விதவையா இருந்தவ. இப்ப ஒனோரா."

அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். கட்டிலில் கிடக்கிற வருத்தக்காரியின் குரலா அது?

நீ எங்களை விட்டுப் போனபின், நீ முடிக்காமல் விட்ட பக்கங்களை, உன்னோடு வேலை செய்த பிள்ளை, நீ போட்டுக் கொடுத்த முறைப்படியே முடித்திருக்கிறாள். ஒரு பெயரும் விடுபடவில்லை என்று எனக்குக் காட்டினாள். நன்றாகச் செய்திருக்கிறாள் அக்கா. உனக்குத் திருத்த ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். சரி, ஒன்றிரண்டு இருக்கும்.

இனி நேற்றைய கதை.

டெஸ்மண்ட் முன் வரிசையில் இருந்தார். பேச்சுகள் முடிந்து, விரும்பியவர்கள் பெயரைத் தேடலாம் என்று கணினிகளைத் திறந்துவிட்டார்கள். மெல்பேர்னிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா முதலில் போய் இருந்தார். மொரீன் என்று பெயர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவராம். தன் கொள்ளுப்பாட்டன் சிறு வயதில் அயர்லாந்திலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தவர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எந்த ஊர், எந்த வீடு, ஒன்றும் தெரியாது. குடும்பப் பெயரைத் தட்டினார்.

ஒனோரா வந்தாள்.

மேசையில் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மொரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். கடைசி மகனின் பெயரைச் சொல்லி, அவனுக்குக் காய்ச்சல், அவன் எழும்பும்வரைக்குமாவது கூரையைப் பிரிக்காமல் விடுங்கள் என்று கேட்டிருந்தாள். கீழே புள்ளடி. வாசித்து முடிய மொரீன் அந்தப் புள்ளடிக்கு மேலே, தாளில் படாமல், விரலை வைத்துக்கொண்டிருந்தார். "பெயர் அதேதான், இந்த மகன்தான் என் கொள்ளுப்பாட்டன். அவன் பிழைத்துவிட்டான் ஒனோரா" என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னார்.

டெஸ்மண்ட் எழும்பி மொரீனிடம் போனார். என்ன நடக்கப்போகிறதோ என்று நூலகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஓரத்தில் எழுதியிருப்பவர் என் முப்பாட்டன்" என்றார்.

"வாசித்தேன்" என்றார் மொரீன்.

"நான் வெட்கப்படுகிறேன்."

மொரீன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். "இருங்கள். மிச்சத்தையும் வாசிப்போம். அந்த எழுத்து எனக்கு விளங்கவில்லை, உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்."

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி இருந்து வாசித்தார்கள். ரூபன் எனக்குப் பக்கத்தில் நின்றவன், "அண்ணை, நாங்கள் காவினது வீண்போகேல்லை" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

உன் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். மீன் விற்கிறவனுக்கு மேடைப் பேச்சு எப்படி வரும்? எழுதிக்கொண்டுபோனதைச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். "என் அக்கா சொன்னாள், நான் லொறியைக் கொண்டுபோனேன். மிச்சம் எல்லாம் அவள் செய்தது" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கை தட்டினார்கள். எனக்கு அல்ல என்று தெரிந்ததால் நானும் சேர்ந்து தட்டினேன்.

இன்னொரு சேதி. செப்பனிடுகிறவர்களின் பெயரை நூலகங்கள் வெளியே போடுவதில்லையாம். டெஸ்மண்ட் அன்பளிப்புப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சேகரத்தைப் பற்றி எங்கே எழுதினாலும், இவற்றைக் காப்பாற்றியவர் பவானி என்று எழுதவேண்டும். இனி உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் அந்தக் காணிக்காரரைத் தேடினாலும், யார் ஒனோராவைத் தேடினாலும், முதல் பக்கத்தில் நீ நிற்பாய். அம்மாவும் அப்பாவும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் அக்கா? அப்பா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்திருப்பார்.

தேநீர் குடிக்கிற நேரம் மொரீன் என்னைத் தேடி வந்தார். நீ பொருத்தி ஒட்டிய பெரிய வரைபடத்தில் ஒனோராவின் வீடு ஒரு சின்னச் சதுரமாக இருக்கிறது, பக்கத்தில் ஓடை, அதற்கப்பால் சுண்ணாம்புச் சூளை. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று டெஸ்மண்ட் சொல்கிறாராம். வருகிற கோடையில் இருவரும் சேர்ந்து அயர்லாந்து போகிறார்கள். கூரையைப் பிரித்தவரின் வாரிசும் கூரையை இழந்தவளின் வாரிசும் ஒரே காரில்.

"நீங்களும் வரவேண்டும்" என்றார் மொரீன்.

"நான் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பவானி வந்திருப்பார்தானே?"

அக்கா, சுகந்தி இன்று காலையே கடவுச்சீட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். கடையை ரூபன் பார்த்துக்கொள்வான். நான் போவேன், இது சத்தியம். அந்த ஓடைக் கரையில் போய் நிற்பேன். நான் இவர்களில் யாருடைய ஆள், ஒனோராவுடைய ஆளா, பெரிய வீட்டு ஆளா என்று அந்த ஊர்க்காரர் கேட்டால், நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்: இரண்டும் இல்லை, நான் பவானியின் ஆள் என்று.

என்றென்றைக்கும்
உன் கூடப்பிறந்த தம்பி,
குகன்
செவன் ஹில்ஸ், சிட்னி